பாலூட்டும் சங்கின் மூதாதை

பொள்ளாச்சி இல்லங்களில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்குக்குப் பெயர் தந்தது ஒரு கடல் நத்தை! மன்னார் வளைகுடாவின் மணலடியில் புழுக்களை வேட்டையாடி உண்ணும் பிராணி அது.

கடலில்லாத கொங்கு நாட்டுக்கும் சங்கு புதிதன்று. நொய்யலாற்றங்கரைக் கொடுமணல் அகழாய்வில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் கீழக்கரை முஸ்லிம்கள் மூச்சடக்கி மூழ்கிச் சங்கெடுப்பதில் பெயர் பெற்றனர். அவை வளையல் செய்வதற்காக வங்காளம் வரை சென்றன.

பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவும். சங்குக் குஞ்சோ முட்டைக்கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவந்து அவ்விடத்திலேயே வளர்கிறது. ஓரிடத்தில் வழித்தெடுத்தால் அங்கு மீண்டும் பெருக நெடுங்காலமாகும். ஆதலின் சகோதரிகளே, கடற்கரைக் கடைகளில் வளராத சிறு சங்குகளை வாங்காதிருப்போம்.