கூட்டமில்லாததற்கு என்ன விலை?

கைக்காசுப் பயணம் – 11

ஏம்பலத்துக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. வில்லியனூரிலிருந்து மங்கலம் வழியாகப் போனால் இருபக்கமும் நெல்லும் கரும்பும்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து வீடுகளில் கப்பல் பேச்சு புதிதல்ல. சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, இருந்துவிட்டு வந்த தாத்தாக்கள், பிரான்சில் குடியேறிய பிள்ளைகள் என்று புதுச்சேரி கொம்யூன் கிராமங்களில் சில குடும்பங்கள் உண்டு. என் அக்காவை அப்படி ஒரு குடும்பத்தில்தான் கொடுத்தோம். மாமாவுக்கு அறுபது முடிகிறது. பாரிசில் இருக்கும் மகள், “மண்டபம், பந்தல், சாப்பாடுன்னு செலவு பண்றதுக்குப் பதிலா அப்பாவையும் அம்மாவையும் கப்பல்ல அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டாள்.

மாமா என்னைக் கூப்பிட்டு மூன்று தாள்களை நீட்டினார். சென்னையிலிருந்து புறப்படும் கோர்டேலியா ஒன்று. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கென்டிங் ட்ரீம் ஒன்று. மார்செய்யிலிருந்து மத்தியதரைக் கடலைச் சுற்றும் எம்எஸ்சி ஒன்று. இவை போதாதென்று மகளின் சிநேகிதி யாரோ அனுப்பிய சில்வர்சீ விளம்பரம் வேறு. அதிலிருந்த விலையைப் பார்த்து அக்கா, “இதுக்கு ஒரு காணி நிலம் வாங்கலாமே” என்றாள். வாங்க முடியாது, நிலத்தின் விலை அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் மிரண்டதில் தப்பில்லை.

“எல்லாமே கப்பல்தானே மச்சான்? அஞ்சு மடங்கு, எட்டு மடங்குன்னு எதுக்கு வாங்குறான்?” என்றார் மாமா.

இந்த வாரம் அந்தக் கேள்விதான்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். கோர்டேலியாவின் எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் பிரான்சின் சேன் நசேர் கட்டுமானத் தளத்தில், ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. பல கை மாறி 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. அதன் கொள்ளளவு 48,563 டன். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை. கப்பலின் உள்ளே மொத்தம் எவ்வளவு இடம் என்பதன் அளவு. சில்வர்சீயின் சில்வர் மியூஸ் கப்பலுக்கு அதே அளவு 40,791 டன்தான். அதாவது உலகின் விலை உயர்ந்த கப்பல்களில் ஒன்று, சென்னையில் நாம் ஏறும் கப்பலைவிடச் சின்னது. ஆனால் மியூஸ் ஏற்றுவது 596 பேர். எம்ப்ரஸில் அறைக்கு இருவர் என்று வைத்தாலே 1,600 பேர். மூன்றாவது, நான்காவது படுக்கையையும் விரித்தால் இன்னும் கூடும்.

கொள்ளளவை ஆட்களால் வகுத்தால் எம்ப்ரஸில் தலைக்கு 30, மியூஸில் 68. ரீஜென்ட் நிறுவனத்தின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 55,254 டன், சுமார் 750 பேர். அங்கே 73-க்கும் மேல். 2024 ஜனவரியில் கடலுக்கு வந்தபோது உலகிலேயே பெரியது என்று பேசப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர், ஆக 44. கப்பல் பெரிதானால் இடம் தாராளமாக இருக்கும் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறோம், நீச்சல்குளத்தருகே நாற்காலி கிடைக்குமா, இறங்கும் நாளன்று மாடிப்படியில் பெட்டியோடு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஓர் எண்ணே முக்கால்வாசி சொல்லிவிடும். விளம்பரத்தில் இது வராது. டன்னும் ஆள் கணக்கும் கேட்டால் கிடைக்கும், வகுத்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டாவது எண், பரிமாறும் கை. கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு ஒரு ஆள் சாம்பார் வாளியோடு ஓடுவதற்கும், இரண்டு இலைக்கு ஒருவர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஐகானில் ஊழியர் 2,350 பேர். ஒருவருக்குப் பயணிகள் 2.4. கென்டிங் ட்ரீமில் அறைக்கு இருவர் கணக்கில் 3,352 பயணிகள், ஏறக்குறைய 2,000 ஊழியர்கள், 1.7 ஆகிறது. மியூஸில் 411 ஊழியர், 1.45. ரீஜென்டில் அதற்கும் சற்றுக் கீழே. சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர் உண்டு. பெட்டியைப் பிரித்துத் துணியை மாட்டிவைப்பார், ஷூவைத் துடைத்துவைப்பார். அக்காவிடம் சொன்னேன். “என் பொட்டிய இன்னொருத்தர் தொறக்குறதா?” என்றாள். அந்த வசதிக்கு நம் வீட்டுப் பெண்கள் பலரும் பணம் தருவது சந்தேகம்தான்.

பட்லர் இல்லாத கப்பலில் இந்த வேலையெல்லாம் கேபின் ஸ்டீவர்ட் தலையில் விழும். ஏம்பலம் பக்கத்துப் பையன் ஒருவன், கேட்டரிங் படித்துவிட்டு வெளிநாட்டுக் கப்பலில் இந்த வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்திருந்தான். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓர் அறையை எப்படி முடிப்பான் என்று கையாலேயே செய்து காட்டினான். கதவைத் திறந்ததும் முதலில் குப்பைக் கூடை. பிறகு குளியலறை, அது காய்வதற்குள் படுக்கை. விரிப்பின் நாலு மூலையையும் கண்ணை மூடிக்கொண்டே மடிப்பானாம். கடைசியாக டவலில் யானையோ குரங்கோ செய்து கட்டில்மேல் உட்காரவைக்க வேண்டும். “அதுக்குத்தான் அண்ணா டைமே இருக்காது. ஆனா அத வெச்சுத்தான் போட்டோ எடுப்பாங்க” என்றான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவன் பொறுப்பில் உள்ள அத்தனை அறைக்கும். ஆறேழு மாத ஒப்பந்தம். அது முடியும்வரை ஒரு நாள் முழு விடுப்பு என்பது அநேகமாகக் கிடையாது. கடல் தொழிலாளர்க்கான 2006-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம் நாளுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்கிறது. அதைத் திருப்பிப் படித்தால் வேலை எவ்வளவு என்று புரியும்.

இந்தப் பையனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்பதில்தான் கப்பலுக்குக் கப்பல் சங்கதி மாறுகிறது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்றவற்றில் டிப்ஸ் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கும். பெரிய கூட்டக் கப்பல்களில் தனியாக ஏறும். ராயல் கரீபியனில் 2024 நவம்பரிலிருந்து சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளுக்கு 18.50 டாலர். இரண்டு பேர், ஏழு இரவு என்றால் 259 டாலர். குடிக்க ஏதாவது வாங்கினால் அதன்மேல் 18 சதவீதம் தனி. எம்எஸ்சியிலும் இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் உண்டு. மலிவு டிக்கெட்டில் இது கண்ணில் படாது. இறங்குகிற நாளன்று பில்லில்தான் தெரியும். ஏறிய பிறகு இதைக் குறைக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்தப் பணத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டு, முடியுமா முடியாதா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம்.

எல்லாம் அடக்கம் என்று சொல்கிற கப்பல்களின் கதையும் பார்க்க வேண்டியதுதான். ரீஜென்டில் மது, இணையம், டிப்ஸ், கரையில் சுற்றிக் காட்டுவதுகூடப் பெரும்பாலும் விலைக்குள் வந்துவிடும். தினம் இரண்டு கிளாஸ் ஒயின், ஊருக்கு ஊர் ஒரு பஸ் பயணம், தனி உணவகத்தில் இரவுச் சாப்பாடு என்று வாழ்கிறவருக்கு இது நியாயமான பேரம். மாமா குடிப்பதில்லை. ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். அவர் எல்லாம் அடக்கம் வாங்கினால், பக்கத்து மேசைக்காரரின் ஷாம்பெயினுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்.

ஒரு விஷயம் ஏஜென்டுகள் தாமாகச் சொல்வதில்லை. இந்த ஆடம்பரப் பெயர்கள் எல்லாம் தனித்தனி முதலாளிகள் இல்லை. 1994-ல் ரோம் நகரத்து லெஃபெவ்ர் குடும்பம் தொடங்கிய சில்வர்சீ, 2018-ல் பெரும்பங்கும் 2020-ல் முழுசாகவும் ராயல் கரீபியன் கைக்குப் போய்விட்டது. சீபோர்ன் கார்னிவல் குடும்பம். ரீஜென்டும் ஓஷியானியாவும் நார்வீஜியன் குழுமம். எம்எஸ்சிகூட எக்ஸ்ப்ளோரா என்ற பெயரில் தனி ஆடம்பரக் கப்பல்கள் விடுகிறது. இது கெடுதல் என்று சொல்லவில்லை. பணத்துக்குப் பாதுகாப்பு என்ற வகையில் நல்லதாகக்கூட இருக்கலாம். கிறிஸ்டல் கம்பெனிக்கு நடந்ததைப் பாருங்கள். சேவைக்குப் பேர்போனது, பயண இதழ்களின் விருதுகளை அள்ளியது. தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கவிழ்ந்தது. எண்ணெய்க் கடனுக்காகப் பறிமுதல் உத்தரவு மயாமியில் காத்திருக்க, கிறிஸ்டல் சிம்பனி பயணிகளோடு பஹாமாஸ் பக்கம் திரும்பியது. வேறொரு நிறுவனம் வாங்கி அந்தக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியது 2023-ல்தான். மாமாவின் இரண்டாவது தாளில் இருக்கும் கென்டிங் ட்ரீமும் அதே கென்டிங் ஹாங்காங் வீழ்ச்சியில் நின்றுபோன கப்பல்தான். புதுப் பெயர் நிறுவனத்தின் கீழ் 2022 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் கிளம்பியது. நம்மவர் சாப்பாட்டுக்கு அதில் கவலையில்லை. சைவம், ஜெயின், ஹலால் என்று தனித்தனியாகச் சமைக்கிறார்கள். சில்வர்சீயில் கேட்டால் செய்து தருவார்கள். கென்டிங் ட்ரீமில் கேட்காமலே கிடைக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு எம்ப்ரஸ் கப்பலின் பெயர் வேறு காரணத்தால் பழக்கம். சென்னை சேவையை 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம் போய் புதுச்சேரி வழியாகத் திரும்புவதாகத் திட்டம். காசினோ இருக்கிற கப்பல் இங்கே வரலாமா என்று கட்சிகள் கிளப்பிய எதிர்ப்பில் அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில்தான் வந்தது, அப்போதும் எதிர்ப்போடு. காசினோ இல்லாமல் கப்பல் கம்பெனி பிழைக்காது என்பார்கள். வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் காசினோவே கிடையாது, 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதும் கிடையாது. வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

அந்த ஜூலை வருகையில் மாமாவுக்கு உபயோகமான தகவல் காசினோ இல்லை. கப்பல் கடலிலேயே நின்றது. பயணிகளைப் படகில் ஏற்றித்தான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் புதுச்சேரியில் அதுதான் வழக்கம், அப்போது சலங்குப் படகு. அலையில் கப்பல் ஒரு பக்கம் ஏற, படகு ஒரு பக்கம் இறங்க, நடுவில் ஓர் எட்டு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நின்று முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். மாமாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். எந்தெந்த ஊரில் கப்பல் கரையை அணைகிறது, எங்கே படகு என்று எழுதி வாங்கச் சொன்னேன். விலை உயர்ந்த கப்பலிலும் இந்தக் கேள்வி உண்டு. சின்னத் துறைமுகங்களைத் தேடிப் போவது அவர்கள் பழக்கம். படகும் அங்கே அதிகம்.

மார்செய் தாளில் இன்னொரு நுணுக்கம். எம்எஸ்சி கப்பலில் மார்செய், ஜெனோவா, பார்சிலோனா என்று வழியிலுள்ள பல துறைமுகங்களிலும் ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். தினமும் யாருக்கோ முதல் நாள், யாருக்கோ கடைசி நாள். வரவேற்பில் எப்போதும் பெட்டிக் கூட்டம். அந்த நெரிசல் வேண்டாமென்றால் அதே கப்பலில் யாட் கிளப் என்று தனிப் பகுதி இருக்கிறது. தனிச் சாப்பாட்டுக் கூடம், பட்லர், தனி நீச்சல்குளம். 2008-ல் ஃபேன்டசியா கப்பலில் தொடங்கியது. முழு ஆடம்பரக் கப்பலுக்குப் போகாமல் அதன் ருசி பார்க்க நினைப்பவர்களுக்கு என் வோட்டு இதற்குத்தான். பிரான்சிலிருக்கும் மகளுக்குக் கிட்டத்தில். நமக்கு ஷெங்கன் விசா, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் தனி. கப்பல் டாக்டரிடம் ஒருமுறை போனாலே பில் பயமுறுத்தும், காப்பீட்டில் கைவைக்காதீர்கள்.

கூடவே வருகிறேன் என்ற எங்கள் பெரியம்மா விஷயத்திலும் ஒரு சிக்கல். அவர் தனி ஆள். கப்பலில் விலை இருவருக்கான அறையை வைத்தே போடப்படுகிறது. ஒருவர் தங்கினாலும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணம் கேட்கிறவர்கள் உண்டு. மூன்றாம் படுக்கையாக அக்கா அறையில் சேர்த்தால் மிகவும் மலிவு. ஆடம்பரக் கப்பலில் அந்த மூன்றாம் படுக்கை பல அறைகளில் கிடையாது.

இந்த இடத்தில் மாமா தன் அப்பாவின் கதையை எடுத்தார். எம்.வி. சிதம்பரத்தில் சிங்கப்பூர் போனவர் அவர். அதுவும் பிரெஞ்சுக் கப்பல்தான். 1966-ல் மெசாஜெரி மரித்தீம் கம்பெனிக்காகப் பாஸ்தர் என்ற பெயரில் கட்டியது. 1970-களின் தொடக்கத்தில் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி சென்னை–சிங்கப்பூர் ஓட்டியது. 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அந்த ஓட்டம் முடிந்தது. பங்க் கிளாஸில் அடுக்குப் படுக்கை, பக்கத்தில் நாகப்பட்டினத்துக்காரர்கள், சீட்டாட்டம், பாட்டு. “எங்கப்பா சாகறவரைக்கும் அந்தக் கூட்டத்தப் பத்தித்தான் பேசுவாரு” என்றார்.

சில்வர்சீக்காரன் எட்டு மடங்கு வாங்குவது கூட்டத்தை அப்புறப்படுத்தித் தருவதற்காக. பட்லரும் ஷாம்பெயினும் அதன் மேல்பூச்சு. கூட்டம் ஒரு தொந்தரவு என்று நினைக்கிறவருக்கு அந்த விலை சரி. அறுபதாம் கல்யாணத்துக்கு நானூறு பேரைக் கூப்பிட நினைத்திருந்த மனிதருக்கு அதை விற்பது கஷ்டம். மகள் ஒதுக்கிய பணத்தில், சென்னைக் கப்பலில் உள்ளறைகளாகப் பிடித்தால் சம்பந்தி வீடு, பங்காளி வீடு என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போய்வரலாம். தலைக்கு 30 டன் இடம் அவர்களுக்குத் தாராளம். பால்கனி அறைகள் அதில் சொற்பம், அது வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மாமா புதுச்சேரி போய் ஏஜென்டிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். வரியோடும் துறைமுகக் கட்டணத்தோடும் சேர்த்து அறைக்கு மொத்த விலை, டிப்ஸ் உள்ளேயா வெளியேயா, எந்த ஊரில் படகு, மூன்றாம் படுக்கைக்கு எவ்வளவு, ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள். அக்கா தன் கையெழுத்தில் கீழே ஒன்று சேர்த்திருந்தாள்: காலை ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன் காபி கிடைக்குமா? மற்றதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது. அதற்கு மட்டும் கப்பலில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

(தொடரும்)