பெயரைச் சொல்லி அல்ல, இலக்கத்தைப் பார்த்தே பெல்ட் வாங்க வேண்டும்

கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை வேளை. வெள்ளவத்தை காலி வீதியில் வாகனங்கள் ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. சிவப்பு நிறச் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்புறத்திலிருந்து காதைக் கிழிக்கும் கிரீச்சொலி எழுந்தது. சற்று நேரத்தில் பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்தது; வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கியது. காரை ஓட்டிவந்த எமது அயல்வீட்டு இளைஞர் சமயோசிதமாக எஞ்சினை நிறுத்தி, வழியில் நின்றவர்களின் உதவியுடன் அதனை ஓரமாகத் தள்ளினார். எஞ்சின் தப்பியது. வியப்பு என்னவெனில், அந்தக் காருக்குப் புதிய பெல்ட் போட்டுப் பத்து நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் கார் 1990ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா நிறுவனத்தின் இந்தக் காரே பிற நாடுகளில் எம்எக்ஸ் 5 என்ற பெயரில் விற்கப்பட்டது. இளைஞரின் தந்தையார் விட்டுச்சென்ற சொத்துக்களில் அவர் மிகவும் நேசிப்பது இதனைத்தான். எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் கார்களின் விலை எங்கு போய் நின்றது என்பதை வாசகர்கள் அறிவர். இந்த நிலையில், பழைய காரொன்றின் எஞ்சின் பழுதாகிவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்றைத் தேடிக்கொள்வது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத காரியம். ஆகவே உள்ளதைக் காப்பதே உத்தமம். அந்தக் காப்பு, சில வேளைகளில் ஓர் இறப்பர்ப் பட்டியிலேயே தங்கியிருக்கின்றது.

தவறு எங்கே நேர்ந்தது? அவர் உதிரிப்பாகக் கடையொன்றுக்குச் சென்று, "மஸ்டா ஸ்போர்ட்ஸ் கார், தொண்ணூறாம் ஆண்டு" என்று மட்டும் கூறியிருக்கிறார். விற்பனையாளர் பழைய பெல்ட்டை வாங்கி, சுவரில் தொங்கிய பெல்ட்டுகளோடு ஒட்டிப் பார்த்து, "இது சரியாக இருக்கும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது சற்றே நீளமானது. இறுக்கும் ஆணியைக் கடைசி எல்லைவரை இழுத்தும் தேவையான இறுக்கம் கிடைக்கவில்லை. மழைநீர் தெறித்ததும் பெல்ட் வழுக்கியது. இந்தக் காரில் நீர்ப்பம்பியையும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது ஒரே பெல்ட்தான். எனவே இரண்டும் ஒருசேரத் தளர்ந்தன.

பொதுவாக நாம் 'பெல்ட்' என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது இரு வேறு பொருள்களை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு வெளியே கப்பிகளின் மேல் ஓடி ஆல்டர்னேட்டர், நீர்ப்பம்பி, குளிரூட்டி, ஸ்டீயரிங் பம்பி ஆகியவற்றைச் சுழற்றுவது ஒருவகை. பழைய தலைமுறையினர் இதனை 'பேன் பெல்ட்' என்பர். முன்னாளில் இது ஆங்கில 'வி' எழுத்தின் வடிவிலான குறுக்குவெட்டைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பெல்ட் இருந்தது. பின்னர் உட்புறம் நீளவாக்கில் வரிகள் கொண்ட தட்டையான பெல்ட் வந்தது. எல்லாக் கப்பிகளையும் பாம்புபோல் வளைந்து சுற்றும் ஒற்றைப் பெல்ட்டை விற்பனைக் காரொன்றில் முதன்முதலாகப் பொருத்தியது, 1979ஆம் ஆண்டின் போர்ட் மஸ்டாங் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலேயாகும்.

மற்றையது 'டைமிங் பெல்ட்'. இது மூடிக்குள் மறைந்திருப்பது, பற்கள் கொண்டது. பிஸ்டன்களின் அசைவையும் வால்வுகள் திறந்து மூடும் கணத்தையும் ஒன்றோடொன்று இணைப்பது இதுவே. வெளிப் பெல்ட் அறுந்தால் கார் வழியில் நிற்கும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் எஞ்சின் தப்பிவிடும். டைமிங் பெல்ட் அறுந்தாலோ, சில எஞ்சின்களில் பிஸ்டன் மேலெழுந்து திறந்திருக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அதன் பின் செலவு ஒரு பெல்ட்டின் விலையல்ல, ஓர் எஞ்சினின் விலை.

எந்தக் காரில் எது உள்ளது என்பதை அறியாமல் கடைக்குச் செல்வது வீண். நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் காரின் ஆர்பி 26 எஞ்சின், ஒன்பதாம் பதிப்பு வரையிலான மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், ஈஜே 20 எஞ்சின் கொண்ட சுபாரு இம்பிரெசா ஆகியவை டைமிங் பெல்ட் உடையவை. இவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் தப்புவது அரிது. தியத்தலாவையிலும் சாலியபுரவிலும் நடைபெறும் ஓட்டப் போட்டிகளை இரசிப்போர் இந்தப் பெயர்களை நன்கறிவர். இதற்கு மாறாக ஹொண்டா எஸ் 2000, எஸ்ஆர் 20 எஞ்சின் கொண்ட நிசான் சில்வியா, பத்தாம் எவலூஷன் ஆகியவற்றில் டைமிங் பெல்ட்டே இல்லை. அவற்றில் இருப்பது உலோகச் சங்கிலி. மஸ்டா ஆர்எக்ஸ் 7, ஆர்எக்ஸ் 8 கார்களின் சுழல் எஞ்சினிலோ வால்வுகளும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை. உலகப் புகழ்பெற்ற பெராரி எப் 355 காரில் இந்தப் பெல்ட்டை மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். அத்தகைய காரில் பிழையான பெல்ட்டைப் பூட்டினால் அந்த வேலை முழுவதையும் மறுபடியும் செய்ய நேரிடும்.

இனி, பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு வருவோம். உதாரணமாக '6பிகே1230' என்றிருந்தால், முதலிலுள்ள 6 என்பது வரிகளின் எண்ணிக்கை. 'பிகே' என்பது வரியின் வடிவம். கார்களுக்கான இந்த வடிவத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலான தூரம் 3.56 மில்லிமீற்றர். இறுதியில் வரும் 1230 என்பது பெல்ட்டின் நீளம் மில்லிமீற்றரில். அமெரிக்க முறையில் இதே பெல்ட் 'கே060485' என்று குறிக்கப்படலாம்: 06 என்பது ஆறு வரிகள், 0485 என்பது 48.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1232 மில்லிமீற்றர். இவ்வளவே சூத்திரம். இதனை அறிந்தவர் எந்தக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை. டைமிங் பெல்ட்டில் பற்களின் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் ஆகிய மூன்றும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

பழைய பெல்ட்டிலுள்ள இலக்கம் அழிந்துபோயிருந்தால், அல்லது அதுவே பிழையான பெல்ட்டாக இருந்தால் என்ன செய்வது? காரின் அடையாளத்துக்குத் திரும்ப வேண்டும். வாகனப் பதிவுச் சான்றிதழில் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் உள்ளன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு, ஏனைய நாடுகளில் வழங்கும் 17 எழுத்து அடையாள இலக்கம் கிடையாது. மாறாக 'என்ஏ6சிஇ' போன்ற மாதிரிக் குறியீடும் அதனைத் தொடர்ந்து ஒரு வரிசை இலக்கமும் இருக்கும். முதல் தலைமுறை ரோட்ஸ்டரில் அந்தக் குறியீடு 1600 சிசி எஞ்சினைச் சுட்டும். 1993இல் அறிமுகமான 1800 சிசி காரின் குறியீடு 'என்ஏ8சி' எனத் தொடங்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டியல்களை மட்டும் நம்பித் தேடுவோர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னும் இரு பொறிகள் உள்ளன. காரின் உற்பத்தி ஆண்டு வேறு, இலங்கையில் அது முதன்முதலாகப் பதியப்பட்ட ஆண்டு வேறு; பாவித்த நிலையில் இறக்குமதியான காரில் இவை சில ஆண்டுகள் வித்தியாசப்படும். கடையில் கூற வேண்டியது உற்பத்தி ஆண்டையே. மேலும், பல கைகள் மாறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆதலால் ஆவணத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தை எஞ்சினில் பொறிக்கப்பட்டுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். குளிரூட்டியும் பவர் ஸ்டீயரிங்கும் இரண்டும் உள்ள காருக்கு ஒரு நீளம், ஒன்று மட்டும் உள்ள காருக்கு வேறொரு நீளம். சிறிய கப்பி பூட்டிய எஞ்சினுக்கு நிறுவனத்தின் பட்டியல் பொருந்தாது. அத்தகைய வேளையில், நீளாத நூலொன்றைப் பெல்ட் செல்லும் பாதையிலேயே சுற்றி, இறுக்கும் கப்பியை அதன் அசைவின் நடுப்பகுதியில் வைத்து அளந்துகொள்ளலாம். தேய்ந்த பழைய பெல்ட்டை அளந்து முடிவெடுப்பது நம்பகமானதன்று. அதன் வரிகள் தேய்ந்து, கப்பிக்குள் ஆழமாக இறங்கி, தன் உண்மை நீளத்தை மறைத்திருக்கும்.

பெல்ட்டின் தரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழைய முறையும் இன்று முழுமையாகப் பயன்படாது. முன்னைய பெல்ட்டுகள் நியோப்ரீன் இறப்பரால் ஆனவை. முதுமையில் வெடிப்பு விழுந்து எச்சரிக்கும். தற்போது பெரும்பாலும் பாவனையிலுள்ள ஈபிடிஎம் என்னும் செயற்கை இறப்பர் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போன்று மெல்லத் தேய்கின்றது. பார்வைக்குப் புதியதுபோல் இருந்துகொண்டே வழுக்கத் தொடங்கும். கொழும்பு நகரில் கிலோமீற்றர் கணக்கும் முழு உண்மையைச் சொல்லாது. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரையில் நெரிசலில் ஊரும் கார், சில கிலோமீற்றர் தூரத்தைக் கடப்பதற்குள் குளிரூட்டியுடன் நெடுநேரம் ஓடிவிடுகின்றது. ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றுக்கு டைமிங் பெல்ட்டின் எல்லை ஒரு இலட்சம் கிலோமீற்றர் என்று விதிக்கப்பட்டிருந்தாலும், ஆண்டுக் கணக்கில் நின்றிருந்த காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இறப்பர் சும்மா இருந்தாலும் முதுமையடையும்.

உதிரிப்பாகம் என்றதும் எமது நினைவுக்கு வருவது பஞ்சிகாவத்தைதான். தேடினால் கிடைக்காதது இல்லை என்ற பெயர் அந்த வீதிக்கு உண்டு. ஆயினும் அங்கு செல்வோர் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். கழற்றி விற்கப்படும் பழைய எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரையோ கப்பியையோ வாங்கலாம். அதிலுள்ள பழைய பெல்ட்டை ஒருபோதும் வாங்கலாகாது. பெட்டியிலுள்ள பெயரை மட்டும் பாராது, பெல்ட்டின் முதுகிலேயே தயாரிப்பாளர் பெயரும் இலக்கமும் தெளிவாக அச்சாகியுள்ளனவா, பெட்டியிலுள்ள இலக்கத்துடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டில் அந்த இலக்கத்தை எழுதித் தருமாறு கேட்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் எமக்கு அளித்திருக்கின்றது. முறைப்பாடு செய்ய 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உள்ளது. கேட்பதற்கு வெட்கப்படுவோரே இழப்பவர்கள்.

சரியான பெல்ட்டும் பிழையான கப்பியில் நிலைக்காது. கடற்காற்றால் துருப்பிடித்த கப்பி, நேர்கோட்டில் நில்லாத கப்பி, எண்ணெய்க் கசிவு ஆகியவை புதிய பெல்ட்டையும் விரைவில் தின்றுவிடும். சத்தத்தை அடக்கவென்று தெளிக்கும் திரவங்கள் நோயை மறைக்குமேயன்றிக் குணப்படுத்தா. டைமிங் பெல்ட்டை மாற்றும்போது இறுக்கும் கப்பியையும், அதே பெல்ட்டால் நீர்ப்பம்பி ஓடுமாயின் அதனையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

எமது அயல்வீட்டு இளைஞரின் கதைக்கு வருவோம். உறவினர் ஒருவரின் ஆலோசனைப்படி அவர் கொட்டாஞ்சேனையில் கராஜ் நடத்தும் முதியவர் ஒருவரிடம் காரை எடுத்துச் சென்றார். "தம்பி, கார்ட பெயரைச் சொல்லாதேங்கோ, நம்பரைக் காட்டுங்கோ" என்பதே அவரது முதல் வார்த்தை. எஞ்சின் இலக்கத்தைத் துடைத்து வாசித்து, நூல் பிடித்து அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டி வாங்கிய பெல்ட் இன்றுவரை சத்தமின்றி ஓடுகின்றது. இளைஞர் அதனைப் பத்திரப்படுத்தி, பதிவுச் சான்றிதழோடு வைத்திருக்கிறார்.

பழைய வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அத்தகைய தாள் ஒன்றை இன்றே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதுவதற்கு வேண்டியது பத்து நிமிடம். அது காப்பது ஓர் எஞ்சினை.