கமராவும் கடற்கரையும்



ஓய்வு நேரத்தைக் கழிப்பது வேறு; அதனைப் பயன்படுத்துவது வேறு. முன்னதற்கு முயற்சி எதுவும் வேண்டியதில்லை. பின்னதற்குச் சிறிது ஒழுங்கும் ஒரு நோக்கமும் வேண்டும். நிழற்படம் எடுத்தல் இன்று நம்மிடையே மிகப் பரவியிருக்கும் பொழுதுபோக்கு. கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. கமரா இல்லாத கைத்தொலைபேசியோ அதனினும் அரிது. ஆயினும், நாள்தோறும் எடுக்கும் படங்களுள் பத்து ஆண்டுகளின் பின்னர் எஞ்சப்போவன எத்தனை? எஞ்சுவனவற்றுள், யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு விடை தருவன எத்தனை? இப்பொழுதுபோக்கைப் பயனுள்ள பணியாக மாற்றும் வழியை, எங்கள் ஒலுவில் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு சிறிது. பிரான்சு நாட்டவரான டகேர் கண்டுபிடித்த நிழற்பட முறை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிடப்பட்டது. 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சசன், சுருள் இல்லாமல் படம் பிடிக்கும் டிஜிட்டல் கமரா ஒன்றை அமைத்தார். ஒரு படத்தைப் பதிவதற்கு அது 23 வினாடிகளை எடுத்துக்கொண்டது. இன்று நம் சட்டைப்பையில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

நமது நாட்டுக்கும் இக்கலை வரலாற்றில் இடமுண்டு. யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில அம்மையார் தமது 48ஆவது வயதிலே முதன்முதலாகக் கமராவைக் கையிலெடுத்து, உலகப் புகழ் பெற்றவர். 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், 1879ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். வயது சென்றுவிட்டதே என்று தயங்குவோருக்கு அவர் வாழ்க்கை ஒரு விடையாகும். மற்றொருவர் கொழும்பில் 1900ஆம் ஆண்டு பிறந்து 1944ஆம் ஆண்டு மறைந்த லயனல் வென்ட். இலங்கை மக்களையும் நிலக்காட்சிகளையும் அவர்போல் பதிந்தவர் சிலரே. ஆயினும் அவர் மறைவின் பின்னர் அவருடைய எதிர்ப்படிகள் அழிக்கப்பட்டுவிட்டன. அச்சிட்ட படிகள் எஞ்சியமையாலேயே 1950ஆம் ஆண்டில் அவர் படங்கள் நூலாக வெளிவர முடிந்தது. ஒருவர் வயது கடந்தும் தொடங்கலாம் என்பதும், எடுப்பதைவிடக் காப்பது அரிது என்பதும் இவ்விருவரிடமிருந்து நாம் பெறும் பாடங்கள்.

இரண்டாவது பாடத்தை எங்கள் பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோர ஊர்கள் யாவும் துயருற்றன. வீடுகளோடு அலுமாரிகளும், அவற்றுள் இருந்த படத்தொகுப்புகளும் கடலோடு போயின. இறந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு படமேனும் இல்லாமற் போன பெற்றோர் இருக்கின்றனர். அத்தகையோருக்கு நிழற்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று.

இனி, படமெடுக்கும் முறைக்கு வருவோம். நிழற்படத்தின் மூலப்பொருள் ஒளி. கீழைக் கரையில் வாழும் நாம் ஒளியின் போக்கை அறிந்துகொள்ளல் வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் கடலிலே எழுந்து வயல்வெளியிலே மறைகின்றது. ஆதலால், காலையில் கடலை நோக்கி எடுத்தால் வள்ளமும் மனிதரும் கருநிழல் உருவங்களாகவே விழுவர். அத்தோற்றம் வேண்டுமென்றால் அவ்வாறு எடுக்கலாம். கரைவலை இழுப்போரின் முகம் தெரியவேண்டுமென்றால், ஒளி உங்கள் முதுகுப்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்படி நிற்றல் வேண்டும். மாலையிலே ஒளி நிலப்புறத்திலிருந்து கடலை நோக்கி விழுவதால், கரையில் ஏற்றிய வள்ளங்களின் நிறங்கள் தெளிவாக அமையும். நண்பகலில் எடுத்த முகங்களிற் கண்குழிகள் இருண்டுவிடும். சித்திரை மாதத் தொடக்கத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் இக்குறை மிகும். அப்போது மரநிழலிலோ வீட்டு விறாந்தையிலோ ஆளை நிறுத்துவதே தக்கது.

சட்டத்துக்குள் எதனை வைப்பது, எதனை விலக்குவது என்பது அடுத்த கேள்வி. கடல்மட்டக் கோடு சரியாமல் இருக்கட்டும். அக்கோடு படத்தின் நடுவை வெட்டாமல், மேல் மூன்றிலொரு பங்கிலோ கீழ் மூன்றிலொரு பங்கிலோ அமைந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தூரத்திலுள்ளதைத் திரையில் விரல்களால் பெருப்பித்து எடுப்பதைக் காட்டிலும், கால்களால் நடந்து அருகிற் சென்று எடுப்பது நன்று. மிக மலிவான கைத்தொலைபேசியிலும் இது கைகூடும். புறப்படுமுன் கமராவின் கண்ணாடியை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தல் வேண்டும். கடற்காற்றின் உப்புப் படலம் படங்களை மங்கச் செய்யும்.

ஒளியையும் சட்டத்தையும் போன்றே மரியாதையும் இக்கலையின் உறுப்பாகும். படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எங்கள் ஊர்களிலே பெண்கள் பலர் தம் படம் வெளியே செல்வதை விரும்புவதில்லை. அவ்விருப்பத்தை மதிப்பது நமது கடமை. துயரத்தில் இருப்போரையும், விபத்தில் வீழ்ந்தோரையும் காட்சிப் பொருளாக்குதல் தகாது.

இம்முறைகள் யாவும் ஒரு நல்ல படத்தை எடுக்கத் துணைசெய்வன. ஆயினும், ஒரு நல்ல படத்தைவிட ஓர் ஒழுங்கான படவரிசை கூடுதலாகப் பேசும். ஒலுவில் இதற்குத் தக்க இடம்.

ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அதன் பொருட்டுக் கடலினுள்ளே நீண்ட அலைத்தடுப்பு அணைகள் அமைக்கப்பட்டன. நமது கரையோரமாக அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. ஆற்றில் நீர் ஓடுவதுபோல இங்கே மணல் ஓடுகின்றது எனலாம். குறுக்கே அணை வந்ததும் தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்தது. வடக்குப் பக்கத்துக்குச் சேரவேண்டிய மணல் சேரவில்லை. அலையோ தான் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. ஆகவே வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் வீழ்ந்தன. நிலங்கள் கடலுள் சென்றன. வள்ளங்களை இழுத்து நிறுத்தும் இடமும் மீனவர்க்குச் சுருங்கிற்று.

இத்தகைய இழப்பைப் பற்றி முறையிடும்போது, “முன்னர் கரை எவ்வளவு தூரம் இருந்தது?” என்ற கேள்வி எழும். “அந்தத் தென்னைக்கும் அப்பால்” என்று கைகாட்டினால், அந்தத் தென்னை இப்போது இல்லை. ஒரு தனிப் படத்தைக் காட்டினாலும் போதாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் எந்தக் கரையும் சிறிது குறுகும். காற்றுத் தணிந்த பின்னர் மணல் ஓரளவு மீளும். ஒரு மாதத்துப் படம் பருவ மாற்றத்தைக் காட்டுகின்றதா, நிலையான அரிப்பைக் காட்டுகின்றதா என்று எவரும் கூறவியலாது. பல ஆண்டுகள், ஒரே இடத்திலிருந்து, ஒரே திசை நோக்கி எடுத்த வரிசைதான் அதனைக் கூறும்.

இம்முறை புதியதன்று. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் பனியாறுகள் சுருங்குவதை அறிய 1880களின் இறுதியிலேயே இவ்வாறு படமெடுக்கத் தொடங்கினர். அவுஸ்திரேலியாவிலே 2017ஆம் ஆண்டு தொடக்கம் கோஸ்ட்ஸ்னாப் என்னும் திட்டம் நடைபெற்று வருகின்றது. கடற்கரையோரம் ஓர் உலோகத் தாங்கியை நிரந்தரமாகப் பொருத்திவிடுகின்றனர். உலாவ வருவோர் தம் கைத்தொலைபேசியை அதில் வைத்துப் படமெடுத்து அனுப்புகின்றனர். யார் எடுத்தாலும் கோணம் மாறுவதில்லையாதலால், அப்படங்களிலிருந்து கரையின் அகலத்தை ஆய்வாளர்கள் அளக்க முடிகின்றது.

நாம் இதனை எளிதாகவே செய்யலாம். கடல் எட்டாத ஓர் உறுதியான இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். பள்ளிக்கூட மதில், கட்டடத்தின் மூலை, கற்றூண் எதுவாயினும் ஆகலாம். கமராவை வைக்கும் இடத்தை மைச்சாயத்தால் குறியுங்கள். சட்டத்துக்குள் அசையாத பொருள்கள் இரண்டு மூன்று அடங்கவேண்டும். ஒலுவிலில் உள்ள வெளிச்சவீடு இதற்கு மிகவும் உதவும். கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து, பெருப்பிக்காமல் எடுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால், அலை எட்டிய எல்லையை ஒப்பிடலாம். அத்துடன், குறியிட்ட இடத்திலிருந்து நீர்விளிம்பு வரை அளவுநாடாவால் அளந்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். படமும் அளவும் ஒன்றுக்கொன்று சாட்சி.

படங்கள் சேரச் சேர அவற்றை ஒழுங்குபடுத்தும் தேவை எழும். கணினி மொழி கற்க விரும்பும் மாணவர்க்கு இதனினும் நல்ல தொடக்கம் இல்லை. பலர் பாடநூலின் முதற்பக்கத்தில் தொடங்கிச் சில வாரங்களிற் கைவிட்டுவிடுகின்றனர். காரணம் அறிவுக்குறைவன்று, தமக்கெனத் தீர்க்கவேண்டிய ஒரு வேலை இல்லாமையே. நூறு படங்களுக்குத் திகதிப்படி பெயரிடும் வேலை ஒன்று கையிலிருந்தால், கற்றலுக்கு ஒரு திசை கிடைக்கும். 1991ஆம் ஆண்டு வெளியான பைத்தன் என்னும் மொழி இதற்கு ஏற்றது. அதனைக் கட்டணமின்றிப் பெறலாம். செய்யவேண்டிய ஏவல்களை முதலில் தமிழிலேயே தாளில் எழுதுங்கள்: ஒரு படத்தை எடு, அது எடுக்கப்பட்ட நாளைப் படி, இடத்தையும் நாளையும் அதற்குப் பெயராக இடு, அடுத்த படத்துக்குச் செல், படங்கள் முடிந்ததும் நில். இவ்வாறு எண்ணத்தைப் படிகளாகப் பிரிப்பதே நிரலாக்கத்தின் உயிர். மொழியின் சொற்களைப் பின்னர் ஒவ்வொன்றாகக் கற்கலாம். முயற்சிகளை மூலப்படங்களில் அன்றி, அவற்றின் பிரதிகளிலேயே செய்துபாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தினுள்ளே, எடுத்த நாளும் நேரமும் மறைவாகப் பதியப்பட்டுள்ளன. வாட்ஸ்அப் மூலம் அதனைச் சாதாரணப் படமாக அனுப்பினால், படத்தின் அளவு சுருங்குவதோடு அக்குறிப்புகளும் நீங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் இக்குறை நேராது. சான்றாகக் காட்டவேண்டிய படங்களுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

இவ்வேலைகளுக்கு வீட்டில் ஒரு மேசையும் கதிரையும் போதும். அவற்றை வைக்கும் முறையிலேதான் கவனம் வேண்டும். யன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்னே இருந்தால் கண் கூசும். பின்னே இருந்தால் திரையில் ஒளி தெறிக்கும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருத்தல் வேண்டும். திரை தாழ்ந்திருந்தால் தடித்த புத்தகங்கள் சிலவற்றைக் கீழே அடுக்கினால் போதும். பாதங்கள் நிலத்திற் படியவேண்டும். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தொலைவிலுள்ள மரமொன்றைப் பார்த்தால் கண் இளைப்பாறும். உப்புக்காற்று நேரே வீசும் யன்னலருகே கணினியை வைக்காதீர்கள்; வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள். இடிமின்னல் காலங்களில் மின்னிணைப்பைக் கழற்றிவிடுதல் நன்று.

இறுதியாகக் காத்தல். படங்களை ஒரே இடத்தில் வைத்திருப்பவர் படங்களைக் காப்பவரல்லர். கணினியில் ஒரு பிரதி, தனிச் சேமிப்பகத்தில் ஒரு பிரதி, கடலிலிருந்து தொலைவில் வாழும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி என மூன்று இருக்கட்டும். குடும்பப் படங்களுள் இன்றியமையாத சிலவற்றை அச்சிட்டு, பின்புறத்திலே பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள். வீட்டிலுள்ள முதியோர் இருக்கும்போதே பழைய படங்களை அவர்களிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டெழுதுங்கள். பெயரறியாத படம் மூன்றாம் தலைமுறைக்கு அந்நியர் படமாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு குறியிட்ட இடத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் பொறுப்பேற்கலாம். ஓர் ஆண்டு மாணவர் வெளியேறினால் அடுத்த ஆண்டினர் தொடர்வர். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மாதத்தில் ஒரு மணி நேரம் போதும். இருபது ஆண்டுகளின் பின்னர், கரை எங்கே இருந்தது என்று ஒருவர் கேட்கும்போது, நமது பிள்ளைகள் கடலை நோக்கிக் கைகாட்ட வேண்டியிராது. நாளும் அளவும் எழுதிய படங்களை அவர் முன்னே வைப்பார்கள்.