கோலார் மண்மேடுகளில் எஞ்சிய பொன்

கோலார் தங்கவயலுக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை சுரங்க வாய்கள் அல்ல. சாம்பல் நிறத்தில், தட்டையான தலையுடன் ஊரையொட்டி நிற்கும் மண்மேடுகளே. ‘சயனைடு மேடுகள்’ என்பது அவற்றின் வழக்குப் பெயர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. பொன் போனபின் எஞ்சிய அரைமண்ணே இம்மேடுகள்.

தொடக்கத்தில், பாறையை இடித்துத் தூளாக்கி, பாதரசத்தில் ஒட்டச் செய்து பொன்னைப் பிரித்தனர். நுண்துகள்கள் அதில் அகப்படுவதில்லை. இக்குறையை நீக்கியது, 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்ட சயனைடு முறை. அமிலங்களுக்கும் எளிதில் மசியாத பொன், மிக நீர்த்த சயனைடு கரைசலில் மெல்லக் கரைந்துவிடுகிறது. ஆனால் சயனைடு மட்டும் போதாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். கரைந்த பொன்னைத் துத்தநாகத் தூள் இட்டுப் படியவைப்பர். கரைசலில் சுண்ணாம்பு சேர்ப்பது இன்றியமையாதது. காரத்தன்மை குறைந்தால் நச்சு வாயு வெளிப்படும்.

கந்தகத் தாதுக்கள் மிகுந்த பாறையில் இம்முறை இடர்ப்படுகிறது. இரும்புக் கந்தகங்கள் ஆக்சிஜனை உண்கின்றன. செம்புத் தாதுக்கள் சயனைடையே விழுங்குகின்றன. (செம்பையே பிரிக்க வேண்டுமானால் வழி நேர்மாறானது: அமிலமும் ஃபெர்ரிக் உப்பும் கொண்டு கரைப்பர்.) கோலாரின் சாம்பியன் படுகையில் பொன் பெரும்பாலும் படிகக்கல்லில் தனித்துக் கிடந்தது, சுரங்கத்தாரின் நற்பேறு எனலாம். மேற்கிலிருந்த ஓரியண்டல் படுகையில்தான் கந்தகம் மிகுதி.

மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் உள்ளது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே பொன் இருப்பினும், இன்றைய விலையில் அது புறக்கணிக்கத்தக்கதன்று. 13 மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது.

வேலைவாய்ப்பு இழந்த ஊருக்கு இது நற்செய்தியே. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் இம்மண்ணின் தூசி, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் படிகிறது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள் அவை. ஒரு டன் மண்ணிலிருந்து ஒரு கிராம் எடுத்த பின்னும் எஞ்சுவது ஒரு டன் மண்ணே. பொன் எவ்வளவு கிடைக்கும் என்னும் கணக்கோடு, அம்மண் எங்கே போகும், அதன்மேல் எது மூடப்படும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும்.