பாம்பு சீறினால் நல்லது!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் அந்தப் பாம்புக்கே நடுக்கம் உண்டு, தெரியுமா? கீரி, கழுகு, மயில் என்று எத்தனை எதிரிகள்! கையும் கிடையாது, காலும் கிடையாது. பாவம், என்னதான் செய்யும்? கோடிக்கணக்கான ஆண்டுகளாக, எதிரியிடமிருந்து தப்பிய பாம்புகளின் உடலமைப்புதான் அடுத்தடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த உடம்பேதான் அதற்குக் கவசம்.

நல்லபாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்துப் பகுதி விலா எலும்புகள் நீளமானவை. தசைகள் அவற்றைக் குடைக்கம்பி மாதிரி விரிக்க, தோல் இழுபட்டுப் படமாகிறது. 'நான் பெரிய ஆள், கிட்டே வராதே' என்கிற மிரட்டல், அவ்வளவுதான்!

சுருட்டை விரியனின் பக்கவாட்டுச் செதில்கள் ரம்பம் மாதிரி. உடம்பைச் சுருட்டி உரசினால், சூடான வாணலியில் தண்ணீர் தெளித்தாற்போல் 'சர்ர்'ரென்று சத்தம். கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும். மண்ணுளிப் பாம்போ தலையை ஒளித்துக்கொண்டு, தலை மாதிரியே மொண்ணையான வாலைக் காட்டும். வாலில் அடி விழுந்தால் உயிர் தப்புமே! 'இருதலைப் பாம்பு' என்று நாமும் ஏமாந்து போகிறோம்.

நல்லபாம்பின் உறவுக்காரர்கள் சிலர் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறார்கள். எதிரியின் கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்புவார்கள். கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். எதிரியை விரட்டுவதற்காகவே அந்த விஷம் வலி கூட்டும் விஷமாக மாறியிருக்கிறது என்கிறது 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி.

சரி, இதில் நமக்கென்ன? படமும் சீறலும் 'விலகிப் போ' என்று பாம்பு நமக்குத் தரும் அவகாசம். அடிக்கக் கம்பு தேடாமல், மெதுவாகப் பின்வாங்கி வழி விடுங்கள்.

கட்டு விரியன் விஷயத்தில் மட்டும் இந்த அவகாசத்தை நம்ப முடியாது. ராத்திரி தரையில் தூங்குபவர்களைச் சத்தமில்லாமல் கடித்துவிடும். பல சமயம் வலிகூடத் தெரியாது. காலையில் வயிற்று வலி, கண் இமை சரிவது என்று ஆரம்பித்தால் உஷார்! கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பதே பாதுகாப்பு.

கடித்துவிட்டால்?

* கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.
* கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.
* பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும்தான் ஆபத்து.