மலையோரப் பிள்ளைகள் – 14: “இன்னொரு தடவை படிங்க!”

போன வாரம் ஊட்டியின் நீலகிரி நூலகத்தைப் பற்றி எழுதினேன். 1859-இல் தொடங்கிய அந்த நூலகத்தில் யாரும் வாய் திறந்து படிப்பதில்லை. இந்த வாரம் நான் போன இடத்திலோ, சத்தம் போட்டுப் படிக்காவிட்டால் புத்தகத்துக்கே வேலையில்லை.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்று. ஐப்பசி மழை, கரண்ட் போயிருந்தது. பிள்ளையின் அம்மா இலை பறிக்கப் போய்விட்டார். ஐந்து வயதுப் பேத்தியும் அம்மாயியும் மட்டும் வீட்டில். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காட்டுமாட்டுக் கதை ஒன்றைப் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே படத்தின் மேல் விரலை வைத்துவிட்டாள்.

“இது காட்டுமாடுதானே? அப்புறம் ஏன் காலு வெள்ளையா இல்ல?”

காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அதைத் தினமும் பார்க்கிறவள் அவள். படம் வரைந்தவர் தப்பிக்க முடியுமா? அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவே எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆனது. முடித்ததும், “இன்னொரு தடவை படிங்க!” நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை ஒரு சொல்லை மாற்றினேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

அம்மாயிக்கு எழுத்து தெரியாது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது, இன்றைய டேன்டீ. ஐந்தாவது தடவை புத்தகத்தை அவர் வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொந்தமாக ஒரு கதை சொன்னார். என் வாசிப்பைவிட அது நன்றாகவே இருந்தது.

இந்த மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகர் வீட்டில் பிள்ளை பேசுவது படகு மொழி. புத்தகமோ தமிழில். குழந்தை தானாகப் படித்தால் தெரியாத சொல்லில் தடுக்கி நின்றுவிடும். மடியில் வைத்துப் படிக்கிறவர் அங்கே நிறுத்தி, வீட்டுச் சொல்லில் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போகலாம். இதனால்தான் இந்த மலையில் வாய்விட்டுப் படிப்பது இத்தனை முக்கியம் என்கிறேன். கூடலூர் வித்யோதயா பள்ளியும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளின் சொந்தக் கதைகளையும் பாட்டுகளையும் வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது.

பிறந்த குழந்தையிலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே சொல்லிவிட்டது. இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2023-இல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன்.

பள்ளிக்குப் போகாத வாண்டுகளுக்கு? 50 பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நான் பார்த்த காப்பகம் ஒன்றில் தொட்டில் இருந்தது, பால் இருந்தது, ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை. பத்துப் படக்கதைகளுக்கு ஆகும் செலவு எந்தத் தோட்டத்துக்கும் பெரிதல்ல.

சீசனுக்கு ஊட்டி, குன்னூர் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையில் ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவாருங்கள். தோட்டத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.

(தொடரும்)