பாதி ஏரியல் வண்டிதான்

பழைய டாடா 207-க்கு எந்த ஆன்டெனா வாங்கலாம் என்று கேட்டார், பசுமலையிலிருந்து மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றும் தம்பி ஒருவர். போனில் ஒரு படமும் வைத்திருந்தார். கூரையில் ஒட்டுகிற சுறாத்துடுப்பு ஆன்டெனா, கறுப்பில் பளபளவென்று.

"இத மாட்டிறலாமாண்ணே?"

"பார்க்க நல்லா இருக்கும் தம்பி. கேட்கத்தான வாங்குறீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். கேள்வி எளியது, பதிலுக்குத்தான் இரண்டாவது கிளாஸ் வேண்டியிருந்தது.

வாங்குவதற்கு முன்னால், இப்போது இருக்கும் ஆன்டெனா உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். செட்டை வெளியே இழுத்து, அதன் முதுகில் செருகியிருக்கும் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். தடித்த ஒற்றை முனையுள்ள அந்தப் பிளக்குக்கு மோட்டரோலா பிளக் என்று பெயர். 1930-இல் கார் ரேடியோ விற்கத் தொடங்கிய கம்பெனியின் பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கியதும் பாட்டு அடியோடு போய் இரைச்சல் வந்தால், ஆன்டெனா ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். பிடுங்கினாலும் செருகினாலும் ஒரே மாதிரி கொரகொரத்தால், அது இத்தனை நாளும் சும்மா நின்றிருக்கிறது.

நம் ஊரில் இதைச் சோதிக்க நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: கோடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானல் மலைமேல், கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், 10 கிலோவாட் திறனுடன் ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலி நிலையம். எஃப்.எம். அலை நேர்கோட்டுக்காரன்; பார்வைக்கு எட்டும் தூரம்தான் அதற்கும் எட்டும், கொஞ்சம் கூடுதலாக. எவ்வளவு தூரம் என்று போட்டுப் பார்க்க ஒரு கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு, 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 2,000 மீட்டருக்கு 180 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. பசுமலைக்கும் கொடைக்கானலுக்கும் காக்கை பறக்கும் தூரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆகவே திறந்த வெளியில் கோடை பண்பலை இங்கே பிசிறில்லாமல் வந்தாக வேண்டும். வயர் உள்ள இயர்போனைச் செருகினால் எஃப்.எம். பாடும் போன்கள் இன்னும் சிலரிடம் உண்டு. அந்த இயர்போன் வயரே போனுக்கு ஆன்டெனா. வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் கோடையைப் போடுங்கள். போன் தெளிவாகப் பாடி, வண்டி கொரகொரத்தால் குற்றம் வண்டியில். இரண்டுமே இழுத்தால் குற்றம் நிற்கிற இடத்தில்.

இடத்தின் குற்றம் என்றால் மலை நிழல். கொடைக்கானலிலிருந்து வரும் அலை நம் சமவெளியில் மிகவும் சாய்வாக இறங்குகிறது. 75 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் இறக்கம். பூமியின் வளைவையும் சேர்த்தால் ஒரு மீட்டர் தடைக்குச் சுமார் 40 மீட்டர் நிழல் விழும். நூறு மீட்டர் குன்று என்றால் நான்கு கிலோமீட்டர் நிழல். விளிம்பில் அலை கொஞ்சம் வளைந்து இறங்குவதால் முழு இருட்டாகாது, மங்கும். தேனி சாலையில் நாகமலையை ஒட்டிப் போகும்போது மங்கினாலோ, பசுமலைக் குன்றுக்கு நேர் கிழக்கே ஒட்டி நிறுத்தினால் இழுத்தாலோ, அதற்கு எந்த ஆன்டெனாவும் மருந்தில்லை. சமணர் ஏவிய பாம்பு நாகமலை ஆனது, மாயப்பசு பசுமலை ஆனது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. கதையில் இரண்டும் ஒரே கட்சி. வானொலிக்கு எதிராகவும் அப்படித்தான்.

நிழலும் இல்லை, போனில் பாடுகிறது, வண்டியில்தான் பாடவில்லை என்று தெரிந்தால் இனி ஆன்டெனாவைப் பேசலாம்.

எஃப்.எம். அலை ஒன்றின் நீளம், 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர். கோடைக்கு 300-ஐ 100.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 மீட்டர். வண்டிக் கம்பி இந்த நீளத்தில் கால்வாசி இருந்தால் அலைக்கு ஏற்றபடி அதிரும். கால்வாசி என்றால் 75 சென்டிமீட்டர். பண்பலை வரிசை முழுவதையும், அதாவது 88 முதல் 108 வரை, கணக்கெடுத்தால் 85 சென்டிமீட்டரிலிருந்து 69 சென்டிமீட்டர் வரை போகும். நடுவே 75 வைத்தால் எல்லாவற்றுக்கும் பொது. இதைவிட நீளமாக இருந்தால் இன்னும் நன்றாக எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், எஃப்.எம்.முக்கு அப்படியில்லை. இழுத்து நீட்டும் மடக்குக் கம்பி இருந்தால் முக்கால் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தம் சிக்னலில் நிற்கும்போது பாட்டு திடீரென்று மங்கி, ஒரு முழம் முன்னால் உருட்டியதும் திரும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதிலும் இந்த 3 மீட்டர்தான் விளையாடுகிறது. நேராக வரும் அலையும் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தக் குழி சிறியது. அதற்காக ஆன்டெனாவை மாற்றாதீர்கள்.

இனி முக்கியமான செய்தி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். 75 சென்டிமீட்டர் கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி, வண்டியின் தகரம். கம்பியில் ஏறி இறங்கும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு தளம் வேண்டும். கேபின் கூரையும் மட்கார்டும் அந்தத் தளம். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது இங்கே இயற்பியல். கம்பியின் அடிப்பாகத்தில் இருக்கும் வாஷர் தகரத்தை நன்றாகக் கடித்துப் பிடிக்க வேண்டும். பழைய வண்டியில் அந்த இடத்தில்தான் வினை. மூன்று முறை பெயின்ட் அடித்திருப்பார்கள், அதற்கு அடியில் துரு, துருவுக்கு அடியில் பட்டி. கடைக்காரர் புதுக் கம்பியை அதன்மேலேயே முறுக்கிவிட்டுப் போவார். கம்பி புதிது, எர்த் இல்லை. பத்து நாளில் "இந்த கம்பெனி சரியில்லண்ணே" என்று வருவோம்.

செய்ய வேண்டியது: துளையின் உட்புறம், வாஷர் உட்காரும் இடத்தில், உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் லேசாகத் தடவி இறுக்குவது. பிறகு மல்டிமீட்டர். பிளக்கின் நடுமுனைக்கும் கம்பியின் நுனிக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும். பிளக்கின் வெளிவளையத்துக்கும் பாடிக்கும் இடையேயும் இருக்க வேண்டும். நடுமுனைக்கும் பாடிக்கும் இடையே இருக்கவே கூடாது. பார்க்கும்போது கேபிளைக் கையால் ஆட்டிக்கொண்டே பாருங்கள். உள்ளே அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிள் ஆட்டினால்தான் காட்டிக்கொடுக்கும். அடித்தளத்தில் பவர் பெட்டி வைத்த ஆன்டெனாக்களுக்கு மட்டும் நடுமுனைச் சோதனை பொருந்தாது.

அந்தக் கேபிள் பற்றி ஒரு வார்த்தை. வண்டி ஆன்டெனா கேபிளை அறுத்துப் பார்த்தால் நடுவில் தலைமுடி போல மெல்லிய கம்பியும் சுற்றிலும் நிறையக் காற்றும் இருக்கும். ஏமாற்று வேலை என்று தோன்றும். மீடியம் வேவுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். குட்டைக் கம்பி பிடித்துத் தரும் மீடியம் வேவ் சமிக்ஞை மிக நலிந்தது, கேபிளின் மின்கொள்திறன் அதைத் தின்றுவிடும். அதனால் கேபிள் டிவி வயரை ஒட்டுப் போட்டு நீட்டினால் எஃப்.எம். தாக்குப்பிடிக்கும், மீடியம் வேவ் மங்கிவிடும்.

எங்கே பொருத்துவது? கூரையின் நட்ட நடுவே என்று புத்தகம் சொல்லும். உண்மைதான், சுற்றிலும் தகரம் சமமாக இருப்பதால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி எடுக்கும். ஆனால் நம் பிக்கப்புகளில் கேபினுக்கு மேல் இரும்புக் கேரியர் கட்டி, தார்ப்பாயும் கயிறும் காலிக் கூடைகளும் போட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகளுக்கு நடுவே ஆன்டெனாவை நட்டால் பாதி சமிக்ஞையைக் கேரியரே மறைக்கும். மீதியைக் கயிறு இழுக்கும்போது ஒடித்துவிடுவார்கள். கூரையில் துளை போட்டால் ஐப்பசி மழையில் உள்ளே சொட்டும் என்ற பயம் தனி. எனவே 207 மாதிரி வண்டிக்கு நான் சொல்லும் இடம், டிரைவர் எதிர்ப்பக்க மட்கார்டு. அல்லது கண்ணாடியை ஒட்டிய தூண். தூணில் பொருத்தினால் தூணோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் கொஞ்சம் விலக்கி நிறுத்த வேண்டும். மட்கார்டில் எஞ்சின் இரைச்சல் ஏறும் என்று பயமுறுத்துவார்கள். பெட்ரோல் வண்டியில் அது உண்மை. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆல்டர்னேட்டரின் முனகல் கேட்டால் அது பெரும்பாலும் செட்டின் பவர் வயரிலோ எர்த்திலோ வருவது.

"அப்ப இந்த குட்டை ரப்பர் ஆன்டெனாண்ணே? குட்டி யானையில எல்லாம் போட்டிருக்காங்களே?"

ரப்பருக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றி, கால்வாசி நீளத்துக்குச் சமமாக்கியிருக்கிறார்கள். சுருட்டினால் ஒத்ததிர்வு வரும், ஆனால் காற்றிலிருந்து அள்ளும் அளவு குறையும். நிமிர்ந்து நிற்கும் முழுக் கம்பிக்கு அது ஈடாகாது. மதுரைக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு அது போதும், சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு துண்டு வயரில்கூடப் பாடும். உசிலம்பட்டி, பேரையூர் என்று ஓடுகிற வண்டிக்கு முழுக் கம்பிதான்.

சுறாத்துடுப்பிலும், கண்ணாடியில் ஒட்டும் பட்டையிலும் பெரும்பாலும் ஒரு சின்னப் பெருக்கி இருக்கும். அதற்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டும், செட்டின் பின்னால் அதற்கென்றே நீல வயர் ஒன்று வரும். பழைய வண்டியில் மாட்டுபவர்கள் இந்த வயரை டேப் சுற்றி விட்டுவிடுவதுண்டு. பெருக்கிக்கு உயிர் இல்லாவிட்டால் அது சமிக்ஞையை அடைக்கும் மூடிதான். உயிர் கொடுத்தாலும் அது சமிக்ஞையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. நகரத்துக்குள் மூன்று நான்கு வலுத்த நிலையங்கள் ஒன்றாக மோதும்போது அது திணறி, இல்லாத இடத்தில் ஒரு நிலையத்தைப் பாடவைக்கும். விற்பவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். நானும் விற்பவனாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சும்மா விற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒற்றைக் கம்பி, அடியில் திருகி எடுக்கும்படி, 75 சென்டிமீட்டர். இதுதான் என் சிபாரிசு. டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மடக்குக் கம்பி வேண்டாம். நம் செம்மண் தூசி அதன் மூட்டுகளில் ஏறி, ஒரு மழை பட்டதும் இறுகிவிடும். ஆத்திரத்துக்கு 75 சென்டிமீட்டர் ஜி.ஐ. கம்பியை அடிக்கட்டையில் முறுக்கினாலும் பாடும். அழகுதான் போய்விடும்.

மீடியம் வேவ் வேறு கதை. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. 936 கிலோஹெர்ட்ஸில் அதைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அந்த அலையின் நீளம் 320 மீட்டர், கால்வாசி 80 மீட்டர். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரமே சுமார் 52 மீட்டர்தான். ஆக வண்டியில் எந்தக் கம்பி வைத்தாலும் அந்த அலைக்கு அது ஊசிதான். எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஒரு மீட்டர் கம்பி வைத்தால் எஃப்.எம்.மில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீடியம் வேவில் கொஞ்சம் வாங்கலாம். அதற்கு மேல் கம்பியில் தேடிப் பயனில்லை, இரைச்சலைத் தேட வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகிய மலிவு போன் சார்ஜர், புதிதாகப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட், அவற்றின் உள்ளே மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் சர்க்யூட்டுகள் மீடியம் வேவை மூடிவிடும், சில சமயம் எஃப்.எம்.மையும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி சிக்குவான்.

தம்பியின் 207-இல் அன்றே பார்த்தோம். ஆன்டெனா பழசுதான், ஒடியவில்லை. அடி வாஷருக்குக் கீழே பச்சைப் பெயின்ட், அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்ட், அதற்கும் கீழே துரு. சார்ஜரைப் பிடுங்கியதில் பாதி இரைச்சல் போனது. உப்புத்தாளுக்கு மறுபாதி போனது.

"அப்ப சுறா வேண்டாமாண்ணே?"

"மாட்டணும்னு ஆசையா இருந்தா மாட்டுங்க. வயரை மட்டும் இந்தக் கம்பியிலயே விட்டுருங்க."